செம்பனையைக் கட்டிக்கொண்ட ஆலமரம்

இன்று காலை மேரு பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் ஒரு கட்டிப்பால் லோரி வந்து மாட்டிக்கொண்டது. மரத்தில் கட்டும் மங்குக் கோப்பையில் உறைந்துபோன ரப்பர் பாலை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கல்யாண ஊர்வலத்தைப் போல ஊர்ந்து போனது. கண்ணாடியை ஏற்றினேன், ஏர்கோனை அடைத்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. குடலைப் புரட்டும் அந்த நாற்றம் உனக்கு மட்டும் எப்படித்தான் பிடித்ததோ தெரியவில்லை. நாம் சேர்ந்து போகும்போது இப்படி ஒரு லோரி வந்தால் நீ வேண்டுமென்றே கண்ணாடியை இறக்குவாய். "ஆகா, எங்க எஸ்டேட் வாசம்டி" என்று நெஞ்சு நிறைய இழுப்பாய். நான் கத்தக் கத்தச் சிரிப்பாய்.

முந்திக்கொண்டு போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு மனமில்லை. டேனி வரும் பஸ் ஏழரைக்கு. மணி அப்போது ஏழேகால். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அவனைச் சீக்கிரம் பார்க்க வேண்டும். பார்த்தால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. பெற்ற பிள்ளையை அழைத்து வரப் போகிறவளுக்கு உள்ளங்கை வியர்க்குமா? வியர்த்தது. பாவாடையில் துடைத்துத் துடைத்துத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

நாளை ஈஸ்டர். உன் அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்று, அன்று மாலையே சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிப் போனவன், அதற்குப் பிறகு இப்போதுதான் வீட்டுக்கு வருகிறான். கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. இந்த வாரம் திடீரென்று, "வெள்ளிக்கிழமை லீவு. சனி காலைல ஈப்போ வாரேன்" என்று ஒரு வரி அனுப்பினான். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாளை விடியும் முன்பே உயிர்த்தெழுதல் ஆராதனைக்குச் சபை முழுவதும் நீ இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் கூடிவிடும். அவன் வருவானா? வா என்று கூப்பிடலாமா, கூடாதா? காலையிலிருந்து இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் நான் உனக்குத்தான் போன் போடுவேன். இப்போது அதற்கு வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் சபையின் ஞாயிறு தாளில் கடைசிப் பக்கத்து மூலை உன்னுடையது. மரம், செடி, புழு, பூச்சி என்று அந்த வாரம் நீ பார்த்த ஒன்றைப் பற்றிப் பத்து வரி. சபை அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நீ சொல்வாய். நான் எதிரே உட்கார்ந்து போனில் தட்டுவேன். "என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்லா. நீதான் ஆபீஸ்ல வேல செஞ்சவ" என்பாய். எனக்கு அது பல வாரம் எரிச்சலாக இருந்தது. ஈப்போ புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். மரம் என்றால் நிழல், புல் என்றால் பாம்பு, அவ்வளவுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "எதப் பாத்தாலும் ஒரு பிரசங்கமா? ஒரு பல்லிய வெறும் பல்லியா பாக்க விடமாட்டியா?"

"பல்லியும் அவரு படைச்சதுதானே" என்றாய். "சும்மாவா படைச்சிருப்பாரு? நீ தட்டு."

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கண்ணால் பார்க்காத எதையும் நீ எழுதச் சொன்னதில்லை. லாலாங் புல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் மூன்று நாள் மண்வெட்டியோடு நின்றாய். மேலே பிடுங்கினால் கீழே வேர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கையில் கொப்புளத்தோடு வந்து காட்டினாய். கோபமும் இப்படித்தான் என்று அந்த வாரம் எழுதினோம். டுரியான் பழத்தைப் பற்றி நீ ஆரம்பித்தபோது, வெளியே முள் உள்ளே இனிப்பு என்று ஊரே சொல்லியாயிற்று என்றேன். "ஆமால்ல" என்று விட்டுவிட்டாய். பிடிவாதம் இல்லாத பிரசங்கி நீ ஒருத்திதான்.

ஒரு பிப்ரவரியில் கோலா கங்சார் பக்கம் நீ பிறந்த எஸ்டேட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? எஸ்டேட் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடமைப்பு. ஒரு ஓரத்தில் யாரோ ஒரு மலாய்க்காரருடைய ரப்பர்த் தோப்பு மட்டும் நின்றது. ஒரு மரத்திலும் ஒரு இலை இல்லை. கீழே காய்ந்த சருகு கணுக்கால் வரைக்கும். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

"அலாமாக், எல்லாமே செத்துப் போச்சே."

நீ சருகில் உட்கார்ந்து சிரித்தாய். "சாகலடி. வருசா வருசம் வெயில் காலத்துல இப்படித்தான் கொட்டும். ஈஸ்டருக்கு வந்து பாரு, பச்சப் பசேல்னு நிக்கும். இந்த நேரத்துல மரத்த ரொம்ப வெட்டக்கூடாது. பால் வராது, மரத்துக்கும் கஷ்டம்." பிறகு ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே இருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய்.

பக்கத்து மரத்தில் பெரிய கட்டிகளைப் போல முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. நோயா என்று கேட்டேன். "கத்தி பட்டையோட நிக்கணும்டி, கட்டைக்குப் போகக்கூடாது" என்றாய். "பட்ட எத்தன தடவ வெட்டினாலும் திரும்ப வளரும். கட்டைல பட்டுருச்சுன்னா இப்படித்தான் வரும். அப்பறம் அதுல கத்தி ஓடாது. எங்கம்மாகூட பால் வெட்டப் போனப்ப நானும் ஒரு மரத்துல இப்படிப் போட்டேன். ஆழமா போனா பால் நெறைய வரும்னு நெனச்சேன். வந்துச்சுதான். அந்த ஒரு நாளு." திரும்பும் வழியில் லக்சா சாப்பிட்டோம். அந்த வாரத்துப் பத்து வரியை நீ கார் ஓட்டிக்கொண்டே சொல்லி முடித்தாய். ஆண்டவர் நம்மிடம் பொறுமையாக வேலை செய்கிறவர் என்று ஏதோ. அது யாருக்கோ சொல்வது என்று நினைத்து நான் பாட்டுக்குத் தட்டினேன்.

என் கத்தி எங்கே கட்டையைத் தொட்டது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது டேனி கையில் தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னான். "ஜெபம் பண்ண உக்காந்தா ஒண்ணும் வரலம்மா. வராததப் பொய்யா பாட முடியல. கொஞ்ச நாள் என்னை விடுங்க." நான் விட்டேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். ஆண்டவரை விட்டு விலகிப் போன என் மகன் டேனியேல் மனந்திரும்ப வேண்டும் என்று, முழுப் பெயரோடு. அவன் எனக்காக அன்றைக்குக் கோயிலுக்கு வந்திருந்தான். மூன்றாவது வரிசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மைக்கில் வாசித்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு ஆன்ட்டி அவன் தலையில் கை வைத்து அங்கேயே சத்தமாக ஜெபித்தார். அவன் அசையாமல் நின்றான். மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"என்னா காரியம்டி பண்ணிட்ட" என்று நீ கேட்டபோது, செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபத்தில்தான் வாசிப்பார்கள் என்று நினைத்தேன் என்றேன். பொய். அந்தப் பெட்டியில் போட்டதை அன்றைக்கே வாசிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லார் முன்னாலும் கேட்டால் அவனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைத்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஒரு வசனம் அனுப்பினேன். பூப்படம், சூரிய உதயம், புறா எல்லாம் போட்டு. முதலில் அவன் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பிறகு அதுவும் விழவில்லை. நான் இன்னும் நீளமான வசனமாகத் தேடினேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அந்த மூலையை நானே எழுத வேண்டி வந்தது. உன்னைப் பார்க்க வரும் வழியில் ரோட்டோரத்தில் ஒரு பழைய செம்பனையை ஒரு ஆலமரம் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். வேர்கள் நாலு பக்கமும் இறங்கி, ஒன்றோடொன்று பின்னி, பார்க்க அவ்வளவு அழகு. காரை நிறுத்தி போட்டோகூட எடுத்தேன். ஆண்டவரின் அன்பு இப்படித்தான் நம்மைத் தழுவி நிற்கிறது, எங்கேயும் விலகிப் போக விடாது என்று பத்து வரி எழுதி, வழக்கம்போல உன் பெயரைப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். ஞாயிறு மாலை தாளை உன்னிடம் பெருமையோடு நீட்டினேன்.

நீ படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள்.

"அடி ரூத்து, அது கட்டிப் புடிக்கலடி, கழுத்த நெரிக்குது! இன்னும் கொஞ்ச வருசத்துல உள்ள அந்தப் பனையே இருக்காது. வெறும் பொந்துதான் இருக்கும்."

நானும் சிரித்தேன். சபையே அதைப் படித்து ஆமென் சொல்லியிருக்கும் என்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தாளை மறுபடி பார்த்தாய். "இது ஆண்டவரப் பத்தி எழுதினது இல்லலா" என்றாய், மெதுவாக. "நம்ம டேனியப் பத்தி எழுதியிருக்க. உனக்கே தெரியாம."

எனக்குள் என்ன புகுந்ததோ. "புள்ள பெத்திருந்தா தெரியும் உனக்கு" என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். "அந்தத் தண்ணிய எடுத்துக் குடு" என்றாய். கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒன்பது நாள் உன்னை வந்து பார்க்கவில்லை. உனக்கு மிச்சமிருந்த நாட்களே கொஞ்சம்; அதில் ஒன்பதை நான் கோபத்துக்குக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் கஞ்சியோடு வந்து வாசலில் நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன். "வந்துட்டியா? எழுதிக்க" என்று நீ போனை எடுக்கச் சொன்னாய். ஆலமரத்தைப் பற்றி நான் சொன்னது தவறு, அது தாங்குவதைப் போல வந்து தன்னைத் தாங்கிய மரத்தையே தின்றுவிடும், நம் அன்பும் அப்படி ஆகாதபடி ஆண்டவர் காப்பாராக என்று சொல்லிக்கொண்டே போனாய்.

"எழுதினது நான். தப்பு என்னோடது" என்றேன்.

"பேரு என் பேருதானே போட்டிருக்கு? அப்படியே போடு."

"மன்னிச்சுக்கடி."

"கஞ்சி ஆறுது."

அன்றைக்குக் கிளம்பும்போதுதான் கேட்டாய், டேனிக்கு வசனம் அனுப்புவதை நிறுத்தமாட்டாயா என்று. நிறுத்தினால் அவன் மறந்துவிடுவானே என்றேன். "எத மறந்துருவான்? ஆண்டவரையா, உன்னையா?" என்றாய். மூன்று நாள் அனுப்பாமல் இருந்தேன். நான்காம் நாள் பயம் வந்து இரண்டாக அனுப்பினேன். உன் அடக்கம் முடிந்த மறுநாள்தான் உண்மையாகவே நிறுத்தினேன்.

எட்டு மாதமாகிறது. காலை ஆறு மணிக்குக் கை தானாகப் போனுக்குப் போகிறது. எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்றி ஊற்றியே இரண்டு செடி அழுகிவிட்டது. உன் மூலையை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். எந்த மரத்தைப் பற்றியும் எழுதும் முன்னால் தோட்டத்தில் வேலை பார்த்த இரண்டு பேரையாவது கேட்டுவிடுகிறேன்.

ஆனால் உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. உனக்கு மரம் தெரியும். எது இலை கொட்டின மரம், எது செத்த மரம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாய். சந்தேகம் வந்தால் நகத்தால் கீறி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாய். எனக்கு எப்படித் தெரியும்? என் பிள்ளையைக் கீறிப் பார்க்கவா முடியும்? மரத்துக்கு ஈஸ்டருக்குள் இலை வந்தாக வேண்டும். அது அதன் சுபாவம். மனுசனுக்கு அப்படி யார் நாள் குறித்தது? நான் விட்டுக்கொடுத்துக் காத்திருந்து, அவன் அப்படியே வராமலே போய்விட்டால்? நீ சொன்னது தப்பாக இருந்தால்? ஆலமரத்தைப் பற்றிய தப்பையாவது அடுத்த வாரத் தாளில் திருத்திக்கொண்டோம். இதை எந்தத் தாளில் திருத்துவேன்? பயமாக இருக்கிறது. விசுவாசி பயப்படக்கூடாது என்று சொல்கிறவர்களுக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரில் இல்லை போலிருக்கிறது.

பஸ் எட்டு மணிக்குத்தான் வந்தது. தாடி வைத்திருக்கிறான். மெலிந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் நடந்து வந்தான். அந்த ஒரு நொடி எனக்குக் குத்தியது. நேற்று பெரிய வெள்ளியாயிற்றே, எந்தக் கோயிலுக்குப் போனாய் என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். வீட்டு அறையின் ஏர்கோன், தாமான் தெரு நாய்கள், பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் என்று நான் வாய் ஓயாமல் பேசினேன். கோயில் என்ற சொல் வரக்கூடிய எந்தப் பக்கமும் போகவில்லை. புந்தோங் திரும்பும் இடத்தில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னம்மா, ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?"

இது கேட்கச் சொல்வதா, கேட்காதே என்பதா? நீ இருந்திருந்தால் இரவு உன்னிடம் கேட்டிருப்பேன். "என்னாத்தக் கேக்கணும்?" என்றேன். "இல்ல, சும்மாதான்" என்றான். அப்புறம், நான் கேட்காமலே, வேலையிடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு பிலிப்பினோக்காரர், ஒரு கெட்ட மேனேஜர், மதிய உணவுக்கு வரிசை நிற்பது. ஒன்றரை வருசத்தில் அவன் என்னிடம் இவ்வளவு பேசினது இதுதான் முதல் தடவை. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவன் முடிக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பசாரில் உன் கல்லறைக்குப் பூ வாங்கினேன். கூட வந்தான். "ஆன்ட்டிக்கா?" என்றான். ஆமாம் என்றேன். சம்பங்கியைக் காட்டி, "இது அவங்களுக்குப் புடிக்கும்" என்று அவனே எடுத்துக் கொடுத்தான். நாளை எத்தனை மணிக்கு என்று கேட்பானா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்த நீயே இதை நம்பமாட்டாய்.

உன்னிடமிருந்து நான் இன்றும் கையில் வைத்திருப்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான். வாய் வரைக்கும் வந்ததை, இன்னொரு தரம் யோசித்து, உள்ளே தள்ளுவது. தள்ளியது உள்ளே சும்மா இருப்பதில்லை; கெஞ்சுகிறது, மல்லுக்கு நிற்கிறது. அதை ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் என் ஜெபம் அதுதான். டேனியை மாற்றும் என்று கேட்பதைவிட என் வாயைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்பதே அதிகம்.

மாலை மணி ஐந்தாகிறது. அவன் அறையில் தூங்குகிறான். கதவு சாத்தியிருக்கிறது. நாளைக் காலை என் அறையில் மட்டும் அலாரம் வைப்பேன். குளித்து, சேலை கட்டி, பூவை எடுத்துக்கொண்டு, அவன் கதவைத் தட்டாமல் கிளம்புவேன். அவன் எழுந்திருந்தால் எழுந்திருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பாட ஆரம்பிக்கும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். தனியாக வந்திருந்தால், என்னைக் கொஞ்சம் தேற்று. என் பின்னால் அவன் வந்து நின்றால், நீயும் அவனிடம் ஒன்றும் கேட்டுவிடாதே.